விலக்கு கொடுங்கள், எதுவரை செல்லும் என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மென்பொருள் வாங்கும் அலுவலகங்களின் டெண்டர் ஆவணங்களிலும், அதை எழுதிக் கொடுக்கும் நிறுவனங்களின் உள்விதிகளிலும் அடிக்கடி கண்ணில் படுகிற வரி ஒன்று உண்டு: “தானியங்கித் தரச் சோதனையில் எச்சரிக்கை ஒன்றுகூட இருக்கக் கூடாது.” படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் இந்த வரி குறைகளைக் களைவதற்கு உதவுவதைவிட ஒளித்து வைப்பதற்கே அதிகம் உதவுகிறது. அதற்குப் பதிலாக எதைக் கேட்கலாம் என்று சொல்லவே இக்கடிதம்.

தரச் சோதனைக் கருவி என்பது புரோகிராமர் எழுதிய நிரலை ஓட்டிப் பார்க்காமலே வாசித்து, “இந்த வரியில் தவறு நேரலாம்” என்று சொல்லும் இன்னொரு நிரல். 1978-ல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் சி மொழிக்காக எழுதிய லின்ட் இவற்றுக்கு முன்னோடி. இன்று ஜாவாஸ்கிரிப்டுக்கு இஎஸ்லின்ட், பைத்தானுக்குப் பைலின்ட், ரஃப், பிஎச்பிக்குப் பிஎச்பிஸ்டான், பல மொழிகளுக்கும் பொதுவாக சோனார்க்யூப் என்று பட்டியல் நீள்கிறது. ஓட்டிப் பார்க்காமல் சொல்வதால் சில இடங்களில் இவை தப்பாகத்தான் சொல்லும். எந்த நிரலைக் கொடுத்தாலும் ஒரு பிழையையும் விடாமல், சரியானதை ஒருபோதும் பிழை என்று சொல்லாமல் தீர்ப்பளிக்கும் கருவியைச் செய்யவே முடியாது என்பது கணிதத்தில் நிறுவப்பட்டது. எனவே சில எச்சரிக்கைகளுக்கு விலக்கு கொடுத்தே ஆக வேண்டும்.

ஓர் எச்சரிக்கை அறிக்கையிலிருந்து மறைய மூன்று வழிகள் இருக்கின்றன. நிரலைத் திருத்தலாம். ஆராய்ந்து, காரணம் எழுதி, ஒப்புதல் வாங்கி விலக்கலாம். அல்லது “இந்த வரியைப் பற்றிப் பேசாதே” என்று ஒரு குறிப்பு எழுதிக் கருவியின் வாயை அடைத்துவிடலாம். மூன்றுக்கும் அறிக்கையில் விழும் எண் ஒன்றே: பூஜ்யம். பூஜ்யத்தை மட்டும் கேட்கிறவருக்கு ரிலீசுக்கு முந்தைய இரவில் எந்த வழி கையாளப்படும் என்பதை ஊகிக்கப் பெரிய அனுபவம் தேவையில்லை. இப்போது நிரல் எழுதும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் “சோதனை பாஸ் ஆக வேண்டும்” என்று மட்டும் சொன்னால், அவையும் சில நேரம் திருத்துவதற்குப் பதில் அடைக்கும் குறிப்பைச் சேர்த்துக் கொடுத்துவிடுகின்றன.

முறையாக ஒப்புதல் பெற்ற விலக்கும் கெட்டுப்போகும். அதற்கு ஏரியன்-5-ஐ விடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. பின்னாளில் நம் ஜிசாட்-11 போன்ற செயற்கைக்கோள்களைச் சுமந்த அதே ராக்கெட்தான். அதன் முதல் பயணம் 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரு தளத்திலிருந்து. சுமார் 40 விநாடிகளில் பாதை விலகி உடைந்து வெடித்தது. கிளஸ்டர் திட்டத்தின் நான்கு செயற்கைக்கோள்களும் அதோடு போயின. 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில் பிழை. குறியுள்ள 16 பிட்டில் 32,767-க்கு மேல் இடமில்லை. கிடைமட்ட வேகத்தைச் சார்ந்த ஓர் அளவு அதைத் தாண்டியதும் வழிகாட்டிக் கருவியின் கணினி நின்றது. மாற்றாக வைத்திருந்த கணினியிலும் அதே நிரல்தான். அது முந்தைய 72 மில்லி விநாடிச் சுற்றிலேயே நின்றுவிட்டிருந்தது.

இதுவரை பலரும் அறிந்தது. ழாக்-லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு அதே ஆண்டு ஜூலையில் கொடுத்த அறிக்கையில், விலக்குகளைக் கையாள்வோர் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி வேறு. இப்படி எல்லை தாண்டி வழிந்துபோகும் ஆபத்து உள்ள மாறிகள் (நிரலில் மதிப்புகளைத் தாங்கும் இடங்கள்) 7 என்று முன்னரே ஆராய்ந்து கண்டிருந்தார்கள். நான்குக்குப் பாதுகாப்பு சேர்த்தார்கள். கணினியின் வேலைப்பளு 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற இலக்கு இருந்ததால் மூன்றை அப்படியே விட்டார்கள். அந்த மூன்றின் மதிப்பும் இயற்பியல்படியே ஒரு வரம்புக்குள் நிற்கும், அல்லது வரம்புக்கும் அதற்கும் நடுவே நிறைய இடைவெளி இருக்கிறது என்பது வாதம். யாரோ ஒரு புரோகிராமர் தன் மேசையில் செய்த முடிவும் இல்லை இது. பல ஒப்பந்த மட்டங்களில் இருந்த பங்குதாரர்கள் சேர்ந்து எடுத்தது. ஆபத்தைக் கண்டது கருவியோ ஆளோ, முறைப்படி ஒப்புதல் பெற்ற விலக்கு என்றால் இதுதான்.

ஆனால் நிரல் ஏரியன்-4-லிருந்து வந்தது. ஏரியன்-5 கிளம்பும் விதத்தில் கிடைமட்ட வேகம் ஐந்து மடங்கு விரைவாகக் கூடும். விட்டுவைத்த மூன்று மாறிகளையும் புதிய பாதை விவரங்களைக் கொண்டு யாரும் மறுபடி கணக்கிட்டதற்குச் சான்று இல்லை. ஏன் விட்டோம் என்ற குறிப்பு நிரலுக்குள் இல்லை. குவிந்து கிடந்த ஆவணங்களுக்கிடையே, யாரும் வேண்டுமென்று மறைக்காமலேயே, அந்த அனுமானம் வெளியிலிருந்து பரிசீலிப்பவர் கண்ணுக்கு எட்டாமல் போயிற்று என்று குழு எழுதியது. கொடுமை என்னவென்றால், நின்றுபோன அந்தக் கணக்கு ராக்கெட் தரையை விட்டுக் கிளம்பிய பிறகு தேவைப்படாத ஒன்று.

ஏரியன்-4 பறந்தவரை அந்த வாதம் நின்றது. எந்த ராக்கெட்டுக்கு, எந்தப் பாதைக்கு அது செல்லும் என்பது விலக்கோடு ஒட்டி எழுதப்படவில்லை, அங்கேதான் ஓட்டை. பெரும்பாலான நிறுவனங்களின் விலக்குப் படிவத்தில் “ஏன்” என்ற கட்டம் இருக்கிறது. “எந்த நிலைமை மாறினால் இது செல்லாது” என்ற கட்டம் இல்லை. என்னைக் கேட்டால் முதல் கட்டத்தை ஒரு வரியில் முடித்துக்கொண்டு இரண்டாவதற்குப் பாதிப் பக்கம் ஒதுக்கலாம்.

நிலைமை தொலைந்துபோன ஒப்புதலுக்கு இன்னொரு சான்று டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளம். மறைக்குறியீட்டு வேலைக்கான ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்தை (மற்ற நிரல்கள் எடுத்தாளும் ஆயத்த நிரல்) பயன்படுத்தும் நிரல்களை வால்கிரைண்ட் என்ற கருவியில் ஓட்டினால், மதிப்பு கொடுக்கப்படாத நினைவகத்தைப் படிப்பதாக எச்சரிக்கைகள் குவியும். எரிச்சலூட்டும் விஷயம்தான். டெபியனில் அந்தத் தொகுப்பைப் பராமரித்தவர் இரண்டு வரிகளை எடுத்துவிடலாமா என்று 2006-ல் ஓபன்எஸ்எஸ்எல் மடலாடற் குழுவில் கேட்டார். பிழைதேடும் வேலைக்கு உதவுமானால் எடுக்கலாம் என்ற பொருளில் பதில் வந்தது. எடுத்தார். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி வரிகள். ஒன்றை எடுத்தால் பெரிய பாதிப்பில்லை. மூல நிரலிலேயே அந்த ஒன்றைச் சுற்றி, பியூரிஃபை என்ற இதே போன்ற கருவியைப் பயன்படுத்துவோர் மட்டும் நீக்கிக்கொள்ளத் தனி ஏற்பாடு இருந்தது. மற்ற வரியோ, வெளியிலிருந்து வரும் தற்செயல் தரவை உள்ளே கலக்கும் வரி. அது போனதும் மறைக்குறியீட்டுச் சாவிகளுக்கு மிஞ்சிய ஒரே தற்செயல், ஓடும் நிரலுக்கு லினக்ஸ் கொடுக்கும் வரிசை எண். அதன் வரம்பு 32,768. ஒரு கணினி வகைக்கும் ஒரு சாவி அளவுக்கும் அவ்வளவு சாவிகள்தான் உண்டாக முடியும். ஒருவர் எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்ளலாம். 2006 செப்டம்பரில் நுழைந்தது 2008 மே 13 அன்றுதான் அறிவிக்கப்பட்டது. டெபியனிலிருந்து பிறந்த உபுண்டு பயன்படுத்தியவர்களும் சாவிகளை மாற்ற வேண்டியதாயிற்று. (16 பிட்டின் பாதி எல்லை இரண்டு விபத்துகளிலும் தலைகாட்டுவது தற்செயல்தான்.)

இங்கே ஒப்புதல் கேட்கப்பட்டது, கிடைத்தது. “பிழைதேடும்போது” என்ற நிலைமை மட்டும் வழியில் உதிர்ந்து, அந்த மாற்றம் எல்லோர் சர்வருக்கும் போய்விட்டது. இத்தனைக்கும் நிரலைத் தொடாமலே, “இந்த வகை எச்சரிக்கை, இந்தச் செயற்கூறுகளின் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டுகளின்) வழியாக வந்தால் மட்டும் விடு” என்று தனிக் கோப்பில் எழுதிவைக்கும் வசதி வால்கிரைண்டில் உண்டு. விலக்கு கொடுக்க ஒழுங்கான பாதை இல்லாத இடத்தில், கருவியைத் திருப்திப்படுத்துவதற்காக நல்ல நிரல் கெடுக்கப்படும். எச்சரிக்கையே கூடாது என்று மிரட்டும் மேலாளர்கள் இந்தப் பக்கத்தையும் யோசிக்க வேண்டும்.

இனி செய்முறை.

விலக்கு எவ்வளவு குறுகலோ அவ்வளவு நல்லது. ஒரு வரிக்கு, ஒரு விதிக்கு என்பது முதல் தேர்வு. முடியாவிட்டால் ஒரு செயற்கூறுக்கு. கோப்பு முழுவதற்கும் கொடுப்பது அரிதாக இருக்க வேண்டும். திட்டம் முழுவதற்கும் ஒரு விதியை அணைப்பது விலக்கே இல்லை, விதியை மாற்றுவது. அதற்குத் தனி முடிவு வேண்டும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று தடித்த கம்பியைச் சுற்றி வைக்கிற வேலை அது. விதியின் பெயரைச் சொல்லாமல் விலக்கும் வசதி பல கருவிகளில் உண்டு. பைத்தான் நிரலின் பாதுகாப்பைச் சோதிக்கும் பாண்டிட்டில் வெறும் “நோசெக்” என்று எழுதினால் அந்த வரியில் இன்றுள்ள ஒரு எச்சரிக்கையோடு, நாளை வரப்போகும் எல்லாமும் அடங்கிவிடும். பெயர் இல்லாத விலக்கைத் தடுக்கும் வசதிகளும் இருக்கின்றன. கோ மொழிக்கான நோலின்ட்லின்ட், விதியின் பெயரும் காரணமும் எழுதாத விலக்கை ஏற்காதபடி அமைக்கலாம். இஎஸ்லின்ட்டில் விலக்குக் குறிப்பின் முடிவில் இரண்டு சிறுகோடு போட்டுக் காரணத்தை எழுதலாம். சி ஷார்ப்பில் “ஜஸ்டிஃபிகேஷன்” என்றே ஓர் இடம் இருக்கிறது. அதில் “நிலுவை” என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

கோப்புறை வழி விலக்கு இன்னும் ஆபத்து. “வெண்டர்” (வெளியார் நிரல்), “ஜெனரேட்டட்” (கருவி தானே உருவாக்கிய நிரல்) என்ற பெயருள்ள கோப்புறைகளைச் சோதிக்க வேண்டாம் என்று முதல் நாளே அமைத்துவிடுவார்கள். நியாயம்தான். பிறகு வெளி நிறுவனத்தின் நூலகத்தில் சிறு திருத்தம் செய்யப்போய், சொந்த நிரலும் அந்தக் கோப்புறைக்குள் வளரத் தொடங்கும். அதை எந்தக் கருவியும் ஒருநாளும் வாசிக்காது.

விலக்குக் குறிப்பு எப்படி இருக்க வேண்டும்? கார் மின்னணுவியலில் பரவலாகப் பயன்படும் மிஸ்ரா சி விதிகளிலிருந்து ஓர் உதாரணம். 2012 பதிப்பின் விதி 17.2, ஒரு செயற்கூறு நேராகவோ சுற்றி வளைத்தோ தன்னைத்தானே அழைக்கக் கூடாது என்கிறது. சில கிலோபைட் நினைவகமே உள்ள சிப்பில் ஸ்டாக் (அழைப்புகளுக்கான நினைவகப் பகுதி) எவ்வளவு வளரும் என்று முன்கூட்டிக் கணக்கிட முடியாமல் போகும் என்பதே காரணம். இதற்கு விலக்கு கேட்டு, “தவிர்க்க முடியவில்லை” என்றோ “ஃபால்ஸ் பாசிட்டிவ்” (கருவியின் தவறான எச்சரிக்கை) என்றோ எழுதினால் அது காரணமே ஆகாது. இப்படி எழுதலாம்:

“விதி 17.2-க்கு விலக்கு. மெனு அட்டவணையை மரமாக இறங்கிப் படிப்பதால் இச்செயற்கூறு தன்னை அழைக்கிறது. ஆழம் 6-ஐத் தாண்டாது. ஓர் அழைப்புக்கு 48 பைட் வீதம் 288 பைட். இதற்கு ஒதுக்கிய ஸ்டாக் 512 பைட். ஆழம் 6-க்கு மேல் போனாலோ, ஒதுக்கீடு குறைந்தாலோ, கம்பைலர் பதிப்போ அதன் அமைப்போ மாறினாலோ இவ்விலக்கு செல்லாது. நுழைவிலேயே ஆழம் சோதிக்கப்பட்டு, 6-ஐத் தாண்டினால் பிழைநிலைக்குத் திரும்புகிறது.”

இதோடு கேட்டவர், ஒப்பியவர், நாள், டிக்கெட் (பணிப்பதிவு) எண். நிரலை இயந்திர மொழியாக்கும் கம்பைலர் இதில் ஏன் என்று கேட்கலாம்: ஓர் அழைப்புக்கு 48 பைட் என்பது கம்பைலர் தருகிற அளவு, ஆப்டிமைசேஷன் அமைப்பை மாற்றினாலே அது மாறும். கடைசி வாக்கியம்தான் இதில் உயிர்நாடி. நிலைமையைத் தாளில் எழுதியதோடு நிறுத்தாமல் நிரலே சோதிக்கிறது. சோதிக்க முடிகிற நிலைமையைச் சோதிக்காமல் குறிப்பாக மட்டும் விட்ட விலக்கை ஒப்பக் கூடாது.

சில நேரம் விலக்கே தேவைப்படாது. மொழியிடம் விஷயத்தைச் சொன்னால் போதும். தரவுக்குச் சுருக்க அடையாளம் தரும் எம்டி5 பலவீனமான முறை என்று பாதுகாப்புக் கருவிகள் எச்சரிக்கும். தற்காலிகக் கோப்புக்குப் பெயர் வைக்க மட்டுமே அதைப் பயன்படுத்தியிருப்போம். பைத்தான் 3.9 முதல், “பாதுகாப்புக்காகப் பயன்படுத்தவில்லை” என்று அந்த அழைப்பிலேயே சொல்ல ஓர் அளவுரு இருக்கிறது. பாண்டிட் அதைப் புரிந்துகொண்டு விலகிவிடும். பின்னால் படிக்கிறவருக்கும் நோக்கம் தெரியும்.

விலக்குகளை ஒரே குவியலாகப் போடாதீர்கள். கருவி தவறாகச் சொன்னது ஒரு வகை. கருவி சரியாகச் சொன்னது, ஆனாலும் இப்போதைக்கு ஏற்கிறோம் என்பது வேறு வகை. சோனார்க்யூபில் இரண்டுக்கும் தனித்தனி நிலை உண்டு. முதல் வகைக்குக் காலாவதி நாள் வேண்டியதில்லை. கருவியின் புதிய பதிப்பு வரும்போது, இன்னும் அதே தவறைச் செய்கிறதா என்று பார்த்தால் போதும். இரண்டாவது வகை கடன்; கட்டாயம் நாள் வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டாவதை முதலாவதாக எழுதிவிடுவதே இத்துறையில் நான் அதிகம் குறைசொல்லும் பழக்கம்.

நாள் குறிப்பதிலும் நெளிவுசுளிவு உண்டு. நூலகங்களின் பாதுகாப்புக் குறைகளைப் பார்க்கும் ஓவாஸ்ப் டிபென்டன்சி-செக், ட்ரிவி ஆகியவற்றில் விலக்குக்கு இறுதி நாள் எழுதலாம். நாள் கடந்தால் எச்சரிக்கை தானே திரும்பும். பாதுகாப்பு சார்ந்ததற்கு 90 நாள், மற்றவற்றுக்கு அடுத்த பெரிய ரிலீஸ் வரை, எதற்கும் ஓராண்டுக்கு மேல் இல்லை என்பது என் பரிந்துரை. எல்லாவற்றுக்கும் மார்ச் 31 என்று போட்டால் ஏப்ரல் 1 காலை பில்ட் (நிரலைத் தொகுத்து மென்பொருளாக்கும் வேலை) மொத்தமாக நிற்கும். அன்றே எல்லாவற்றையும் இன்னோர் ஆண்டு தள்ளிவைப்பார்கள். நாட்களைப் பரப்பிப் போடுங்கள். 14 நாள் முன்னதாக உரியவருக்கு டிக்கெட் போகட்டும். காலாவதியான விலக்கு இரவுநேரச் சோதனையை நிறுத்தட்டும். அவசரத் திருத்தம் போகும் பாதையை நிறுத்த வேண்டாம். நள்ளிரவில் சர்வர் விழுந்து கிடக்கும்போது சம்பந்தமில்லாத விலக்கு ஒன்று குறுக்கே நின்றால், மறுநாள் முதல் யாரும் நாளே போட மாட்டார்கள்.

நூலகக் குறைகளில் இன்னொரு கவனம். இந்தக் கருவிகளில் சில, நூலகத்தின் பெயரைக் கொண்டு பொருத்திப் பார்ப்பதால் ஆள்மாறாட்டம் நடக்கும். விலக்கும்போது குறிப்பிட்ட நூலகப் பதிப்பையும் குறிப்பிட்ட குறை எண்ணையும் சேர்த்தே எழுத வேண்டும். நூலகத்தையே விலக்கிவிட்டால் நாளை வரும் குறையும் தெரியாது. 2021 டிசம்பரில், பதிவுகள் எழுதும் ஜாவா நூலகமான லாக்4ஜேயின் குறை வெளியானபோது 2.15.0 பதிப்புக்கு மாறியவர்கள் கவலை தீர்ந்தது என்று நினைத்தார்கள். சில நாட்களிலேயே அந்தப் பதிப்பின் திருத்தமும் முழுமையில்லை என்று தெரிந்து 2.16.0, 2.17.0 என்று வந்துகொண்டே இருந்தன. “2.15.0-க்கு மாறிவிட்டோம், இனி லாக்4ஜே எச்சரிக்கைகள் வேண்டாம்” என்று எழுதிய விலக்கு ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்காது.

தேவை தீர்ந்த விலக்கு நிரலிலேயே கிடப்பது அடுத்த தொல்லை. பிழையைத் திருத்திவிட்டார்கள், அடைப்புக் குறிப்பு அப்படியே இருக்கிறது, ஆறு மாதம் கழித்து அதே வரியில் புதிய பிழை நுழைந்தால் கருவி பேசாது. இதற்கு நல்ல மருந்து வந்திருக்கிறது. டைப்ஸ்கிரிப்ட் 3.9-லும் (2020), ரஸ்ட் 1.81-லும் (2024) “எச்சரிக்கை வரும் என்று எதிர்பார்க்கிறேன்” என்று எழுதும் வசதி சேர்ந்தது. எதிர்பார்த்த எச்சரிக்கை வராவிட்டால் அதுவே குறையாகக் காட்டப்படும். பிஎச்பிஸ்டான் பொருந்தாத விலக்கைத் தானாகவே சொல்லும். பைத்தானுக்கான மைபை, ரஃப் ஆகியவற்றில் அதற்கான அமைப்பை இயக்கிவிட வேண்டும். புதுத் திட்டத்தில் முதல் நாளே இதை இயக்குங்கள். ஓராண்டு கழித்து இயக்கினால் நூற்றுக்கணக்கில் வந்து கொட்டும்.

பழைய நிரல் உள்ளவர்கள், ஆயிரக்கணக்கான எச்சரிக்கைக்கும் தனித்தனியாகக் காரணம் எழுதுவது எப்படி என்று கேட்பார்கள். எழுத முடியாது. அதற்குத்தான் பேஸ்லைன்: இன்றுள்ளவற்றை ஒரு கோப்பில் பதிந்துவைத்து, புதிதாக வருவதை மட்டும் தடுப்பது. இதில் மூன்று இடங்களில் கால் வழுக்கும். வரி எண்ணைக் கொண்டு பதியும் கருவியானால், கோப்பின் தலையில் ஒரு வரி சேர்த்தாலே எல்லாம் புதிய எச்சரிக்கையாகத் தெரியும். பிஎச்பிஸ்டானும் இஎஸ்லின்ட்டும் வரி எண்ணை விட்டு எண்ணிக்கையைப் பதிகின்றன. அங்கே ஒரு பழைய பிழையைத் திருத்தி, அதே கோப்பில் அதே வகைப் பிழை ஒன்றைப் புதிதாகச் செய்தால் கணக்கு சமமாகி, தெரியாமல் போகும். மூன்றாவது, மிகச் சாதாரணமாக நடப்பது: சோதனை சிவப்பு காட்டினால் பேஸ்லைனையே மறுபடி உருவாக்கிவிடுவது. எனவே அந்தக் கோப்பின் மொத்த எண்ணிக்கை குறையலாமே தவிரக் கூடக் கூடாது என்று பத்து வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிப் பில்டில் சேருங்கள். கருவியின் பதிப்பைப் பூட்டி வையுங்கள். பதிப்பை உயர்த்தும் நாளில் பேஸ்லைன் கூடலாம். அந்த மாற்றம் தனியாக இருக்க வேண்டும், வேறு எந்த வேலையோடும் கலக்கக் கூடாது.

யார் ஒப்புவது? நிரலை எழுதியவர் கூடாது என்பது குறைந்தபட்சம். நால்வர் உள்ள சிறு நிறுவனத்தில்கூட இது முடியும். விலக்குக் கோப்புக்கும் கருவியின் அமைப்புக் கோப்புக்கும் உரிமையாளர் இன்னார் என்று நிரலைச் சேமிக்கும் களஞ்சியத்தில் குறித்துவிட்டால் அவர் பார்க்காமல் மாற்றம் இணையாது. நிரலுக்குள்ளேயே எழுதும் அடைப்புக் குறிப்புகள் இந்த வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு மாற்றத்திலும் புதிதாகச் சேர்ந்த வரிகளில் அத்தகைய குறிப்பு இருக்கிறதா என்று தேடி, இருந்தால் இரண்டாம் ஒப்புதல் கேட்கும் படி ஒன்று வேண்டும். எல்லா விதிக்கும் ஒரே கெடுபிடி தேவையில்லை. மிஸ்ரா இதை மூன்றாகப் பிரிக்கிறது: கட்டாய விதிகளுக்கு விலக்கே கிடையாது, தேவை என்று வகுத்தவற்றுக்கு எழுத்துப்பூர்வ விலக்கு வேண்டும், பரிந்துரை விதிகளுக்கு முறையான விலக்கு அவசியமில்லை. வன்பொருளை நேரடியாகத் தொட வேண்டியிருப்பது, வெளியிலிருந்து எடுத்த நிரலோடு இணைப்பது போல அடிக்கடி வரும் காரணங்களுக்கு முன்கூட்டியே ஒப்பிய பொது அனுமதிகளும் அங்கே உண்டு. அந்த அனுமதி எந்தச் சூழலுக்குப் பொருந்தும் என்பது அதற்குள்ளேயே இருக்கும். இணையதளம் செய்கிறவர்களும் தங்கள் விதிகளை ஒருநாள் உட்கார்ந்து இப்படி மூன்றாகப் பிரித்துக்கொண்டால் பாதிச் சண்டை தீரும். தரவுத்தளக் கட்டளைக்குள் பயனர் தந்த சொற்களை அப்படியே ஒட்டுவது முதல் வகை. வரி 120 எழுத்தைத் தாண்டுவது மூன்றாவது வகை. அதற்கு விலக்குப் படிவம் நிரப்பச் சொல்லுகிற டீம் லீட்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது; முக்கியமானதற்கும் அதே அலட்சியத்தோடு படிவம் நிரப்பப் பழக்கிவிடுகிறார்கள்.

கடைசியாக, மென்பொருள் வாங்குவோருக்கு. “எச்சரிக்கை இருக்கக் கூடாது” என்ற வரியை எடுத்துவிட்டு, நான்கைக் கேளுங்கள்: கருவியின் பெயரும் பதிப்பும், விதிகளை அமைத்த கோப்பு, சோதிக்காமல் விட்ட கோப்புறைகளின் பட்டியல், விலக்குப் பதிவேடு. பிறகு உங்கள் கணக்குப்படி ஒரு சோதனை. நிரலுக்குள் எழுதிய விலக்குகளைப் பொருட்படுத்தாமல் ஓடும் வசதி இஎஸ்லின்ட், ரஃப், பாண்டிட் ஆகியவற்றில் இருக்கிறது. விலக்கோடு ஒருமுறை, விலக்கையும் பேஸ்லைனையும் நீக்கி ஒருமுறை, உங்கள் ஆள் முன்னிலையில் ஓட்டச் சொல்லுங்கள். இரண்டாவதில் கூடுதலாக வரும் ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் பதிவேட்டிலோ பேஸ்லைனிலோ ஒரு பதிவு இருக்க வேண்டும். பதிவேட்டிலிருந்து பத்தைக் குலுக்கி எடுத்து, எழுதிய நிலைமை இன்றும் பொருந்துகிறதா என்று கேளுங்கள். பதில் சொல்ல ஆள் இல்லாத விலக்கு எத்தனை இருக்கிறதோ, அத்தனையும் திருத்தி முடியும்வரை இறுதித் தவணையை நிறுத்தி வைக்க ஒப்பந்தத்தில் இடம் வையுங்கள்.

இப்படிக்கு,
மென்பொருள் தரச் சோதனைப் பொறியாளர்,
கோயம்புத்தூர்.